ஆர்த்தாப்டிக்ஸ் படிக்க எங்கே சேர்வது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருக்கிறாள். சின்ன வயதில் அவளுக்கு மாறுகண் இருந்தது. அப்போது கண்ணுக்குப் பயிற்சி கொடுத்தவரை ‘ஆர்த்தாப்டிஸ்ட்’ என்றார்கள். தானும் அந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். எங்கே சேர்க்கலாம்?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: ஆர்த்தாப்டிக்ஸ் என்பது இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் துறை. மாறுகண், சோம்பேறிக் கண் (சின்ன வயதில் ஒரு கண்ணில் பார்வை சரியாக வளராமல் போவது), எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது போன்றவை இதில் வரும். பிரிட்டனில் லிவர்பூல், ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்களில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலானோர் பி.ஆப்டம் என்ற கண் பரிசோதனைப் பட்டப்படிப்பைப் படித்துவிட்டு, அப்புறம் மாறுகண் பிரிவில் பயிற்சி எடுத்துத்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். உங்கள் மகளுக்கும் அந்த வழியையே சொல்வேன்.

பி.ஆப்டம் வழக்கமாக நான்கு வருடம். கடைசி வருடம் முழுக்க மருத்துவமனைப் பயிற்சி. சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் கல்லூரி 1985-லிருந்து இதைக் கற்றுத் தருகிறது. இப்போது பல கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. சேரும் முன், பயிற்சி எந்தக் கண் மருத்துவமனையில், அங்கே குழந்தைகளுக்கான மாறுகண் பிரிவு உண்டா என்று கேளுங்கள். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதோடு பயிற்சி முடிந்துவிடும் என்றால் வேண்டாம். ஆறு மாத டிப்ளமாவில் பிள்ளையைக் கண் நிபுணராக்குகிறோம் என்பவர்களிடமும் போகாதீர்கள்.

பயிற்சியை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஒரு கண்ணை மறைத்துவிட்டு மற்றது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்போம். பிறகு பிரிசம் என்ற ஆப்பு வடிவக் கண்ணாடியை வைத்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்போம். எந்தத் தசையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்துவது என்று அறுவை சிகிச்சை நிபுணர் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த அளவை வைத்துத்தான். மூன்று வயதுக் குழந்தை இரண்டு நிமிடம்கூட ஒரே இடத்தில் பார்க்காது. பொம்மையை ஆட்டி, பேச்சுக் கொடுத்து, அதற்குள் அளந்துவிட வேண்டும். நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்த்தால்தான் கை பழகும்.

பெற்றோரிடம் பேசுவதும் வேலையில் பாதி. மிதமான சோம்பேறிக் கண் உள்ள குழந்தைகளுக்கு, நல்ல கண்ணைத் தினம் 2 மணி நேரம் மூடினாலே 6 மணி நேரம் மூடியதற்குச் சமமான பலன் கிடைத்ததாக 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அந்த 2 மணி நேரத்தையும் வீட்டில் விடாமல் செய்ய வைப்பதுதான் கஷ்டம். தானே கண்ணுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு வளர்ந்த பெண் என்றால், உங்கள் மகள் சொல்வதை அம்மாக்கள் நிச்சயம் கேட்பார்கள்.

ஒன்றை மட்டும் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பி.ஆப்டம் படித்தவர் அறுவை சிகிச்சை செய்ய முடியாது. அந்த ஆசை இருந்தால் எம்.பி.பி.எஸ். முடித்துக் கண் மருத்துவத்தில் மேற்படிப்புக்குத்தான் போக வேண்டும். இல்லையென்றால், பரீட்சை முடிந்ததும் அவளுக்குச் சிகிச்சை அளித்த இடத்திலேயே அனுமதி கேட்டு, ஒரு நாள் காலை முழுக்கக் குழந்தைகள் பிரிவில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் வாங்குவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.