தென்னாப்பிரிக்காவில் தனிநபர் திவால் வழக்குகள் பார்க்கும் வக்கீலாக என்ன வழி?

கேள்வி இது: மகள் டர்பனில் எல்.எல்.பி. மூன்றாம் வருடம் படிக்கிறாள். கடனில் மூழ்கிய குடும்பங்களுக்கு உதவும் திவால் வக்கீலாக வேண்டும் என்கிறாள். அதற்கு என்ன செய்ய வேண்டும்?

ஐயா, இதற்கென்று தனிப் பட்டம் கிடையாது. நான்கு வருட எல்.எல்.பி. முடித்து, ஒரு அட்டர்னியிடம் (கட்சிக்காரரை நேரில் சந்தித்து வழக்கைத் தயாரிக்கும் வக்கீல்) இரண்டு வருடம் ஆர்டிகிள்ஸ், அதாவது பயிற்சி வேலை, செய்ய வேண்டும். முழுநேர லா ஸ்கூல் பயிற்சிக்குப் போனால் அது ஒரு வருடமாகக் குறையும். பிறகு அட்டர்னியாக நான்கு தாள் போர்டு தேர்வு. அதில் கணக்குப் பதிவுத் தாளை எல்லோரும் வேண்டாவெறுப்பாகப் படிப்பார்கள். உங்கள் மகள் அப்படிப் படிக்கக் கூடாது, இந்தத் துறையே கணக்குதான். செக்வெஸ்ட்ரேஷன் மனு, அதாவது ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்து அவர் சொத்தைக் கடன் கொடுத்தவர்களுக்காக எடுத்துக்கொள்ளக் கேட்கும் மனு, ஹைகோர்ட்டுக்குத்தான் போகும். அங்கே நின்று பேச அட்டர்னிக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அது கையில் இல்லாதவரை, கோர்ட்டில் வாதாடுவதையே தொழிலாகக் கொண்ட அட்வகேட்டை அமர்த்திக்கொள்ளலாம்.

ஆர்டிகிள்ஸ் எங்கே செய்கிறாள் என்பது முக்கியம். "மாதம் எத்தனை செக்வெஸ்ட்ரேஷன் ஃபைல் வரும்?" என்று நேர்காணலிலேயே கேட்கட்டும். பேங்குக்காகக் கடன் வசூலிக்கும் அலுவலகம் கிடைத்தாலும் தள்ள வேண்டாம். நேஷனல் கிரெடிட் ஆக்டின் 129-ஆம் பிரிவு நோட்டீஸ் (வழக்குப் போடும் முன் கடன் பட்டவருக்கு அனுப்ப வேண்டியது) எப்படிப் போகிறது, எங்கே பிசகுகிறது என்று அங்கேதான் கை பழகும்.

1936-ஆம் வருட இன்சால்வன்ஸி ஆக்ட், கடன் பட்டவர் பாவம் என்பதற்காக மட்டும் விடுதலை தருவதில்லை. கடன் கொடுத்தவர்களுக்கு இதனால் லாபம் உண்டு என்று காட்டினால்தான் உத்தரவு கிடைக்கும். ஒரு கணக்குப் போடுவோம். வீடு ஏலத்தில் 9 லட்சம் ராண்டுக்குப் போகும், பாண்ட் (வீட்டுக் கடன்) பாக்கி 7 லட்சம், விற்பனைச் செலவும் முனிசிபாலிட்டி பாக்கியும் 60 ஆயிரம். மிச்சம் 1 லட்சத்து 40 ஆயிரம். செக்வெஸ்ட்ரேஷன் செலவு 60 ஆயிரம் என்று வைத்தால் கையில் 80 ஆயிரம். கிரெடிட் கார்டு, கடை அக்கவுண்ட், பர்சனல் லோன் எல்லாம் 5 லட்சம் என்றால் கடனில் ஒவ்வொரு ராண்டுக்கும் 16 சென்ட் தேறும். வீட்டு மதிப்பை 50 ஆயிரம் கூட்டிப் போட்டிருந்தது தெரியவந்தால் அதே கணக்கு 6 சென்டுக்கு இறங்கிவிடும். இத்தனை சென்ட் வேண்டும் என்று சட்டத்தில் எழுதவில்லை. ஆனால் 10-க்குக் கீழே போனால் மனு நிற்பது கஷ்டம், 20 எதிர்பார்க்கிற நீதிபதிகளும் உண்டு. மனு விழுவது பெரும்பாலும் இந்த மதிப்பீட்டில்தான்.

அடுத்தது தேதி. கடன் பட்டவர் தானே திவாலாக மனுப் போடுவதை அறிவிக்கும் சரண்டர் நோட்டீஸ், கவர்ன்மென்ட் கெஸட்டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் வர வேண்டும்; விசாரணைக்கு 30 நாளுக்கு மேல் இருக்கும்போது வரக் கூடாது, 14 நாளுக்கும் குறைவாக இருக்கும்போதும் வரக் கூடாது. வந்த 7 நாளுக்குள் கடன் கொடுத்தவர்களுக்கு நகல் போக வேண்டும். சொத்து விவரப் பட்டியல் மாஸ்டர் ஆபீஸில் (திவால் சொத்துகளை மேற்பார்வையிடும் ஹைகோர்ட் அதிகாரியின் அலுவலகம்) 14 நாள் பார்வைக்கு இருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மனு ஆட்டம் கண்டுவிடும். நோட்டீஸ் வந்ததும் கோர்ட் ஏலம் நின்றுவிடும் என்பதால், ஏலத்தைத் தள்ளிப்போட மட்டும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதனால்தான் நீதிபதிகள் ஒவ்வொரு தாளையும் உற்றுப் பார்க்கிறார்கள்.

நல்ல வக்கீல் பலரைச் செக்வெஸ்ட்ரேஷன் வேண்டாமென்று திருப்பி அனுப்புவார். நிலையான சம்பளம் இருக்கிறவருக்கு டெட் ரிவ்யூ (தவணைகளை மாற்றியமைத்துக் கடனைக் கட்டுவது) போதும். கடன் 50 ஆயிரத்துக்குள் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அட்மினிஸ்ட்ரேஷன் ஆர்டர் (கோர்ட் உத்தரவுப்படி தவணையாகக் கட்டுவது) இருக்கிறது. திவாலானவர் தானாக விடுபட 10 வருடம் ஆகும், முன்கூட்டி விடுபட மறுபடி மனுப் போட வேண்டும். இதையெல்லாம் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். உங்கள் மகளுக்குக் கோர்ட்டைவிட குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதில்தான் மனம் என்றால், டெட் ரிவ்யூவை நடத்தித் தரும் டெட் கவுன்சலராகப் பதிவு செய்ய சட்டப் படிப்பே தேவையில்லை. மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு), அங்கீகரித்த பயிற்சி, தொடர்புள்ள வேலையில் 2 வருட அனுபவம் போதும்.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வேலை பார்ப்பவர் இன்சால்வன்ஸி ஆக்டின் 21-ஆம் பிரிவைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி, கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் இருந்தாலும் அந்தப் பிரிவின்படி அந்தப் பெண் மனைவிதான். கணவர் திவாலானால் மனைவியின் சொத்தும் திவால் சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டி கைக்குப் போகும். தன்னுடையது என்று அவர் நிரூபித்துத்தான் மீட்க வேண்டும். அம்மா வீட்டில் போட்ட நகைக்கு யாரும் ரசீது வைத்திருப்பதில்லை. கல்யாண போட்டோ, பழைய இன்ஷூரன்ஸ் மதிப்பீடு, நகை வாங்கிக் கொடுத்தவரின் அஃபிடவிட் என்று எது கிடைத்தாலும் முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துவிட வேண்டும்.