கம்பெனிக்காரன் கோட்டு: நாடகக் குழுக்களுக்கான தையல் கேள்வி பதில்

ஆகஸ்ட் 15 நெருங்கினாலே கட்டபொம்மன் நாடகம் போடும் குழுக்களிடமிருந்து கேள்விகள் வந்துவிடும். கட்டபொம்மனுக்கு உடை எப்படியாவது கிடைத்துவிடுகிறது. தலைவலி கொடுப்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரி போடும் கோட்டுதான். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் கல்யாண பேண்டு வாத்தியக் குழுவின் உடைகள். நல்ல கோட்டை வீட்டு மெஷினிலேயே தைக்கலாம். துணி, வெட்டு, தையல், பொருத்திப் பார்ப்பது ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். ஒப்பனை, வாள், காலணி எனக்குத் தெரிந்த வேலை இல்லை.

கோவில்பட்டி, கல்லூரி மாணவர்: அக்கா, கட்டபொம்மன்மேல் படையெடுத்து வந்த மேஜர் பேனர்மேன் வேஷத்துக்கு ஒரு கோட்டு தைக்க வேண்டும். எனக்குச் சட்டையும் சுடிதாரும் தைக்கத் தெரியும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

காடா துணியில் இருந்து ஆரம்பியுங்கள் தம்பி. சிவப்புத் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் முழுக் கோட்டையும் ஒரு முறை காடாவில் வெட்டி, நீளமான ஓட்டுத்தையலில் சேர்த்து, நடிகருக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் உடம்பில் வேண்டாம். உள்ளே போடப்போகும் சட்டை, வெயிஸ்ட்கோட்டின் மேல்தான் பார்க்க வேண்டும். அளவும் அப்படித்தான் எடுக்க வேண்டும். மார்புச் சுற்றளவோடு நான்கு அங்குலம் கூட்டினால் போதும்.

வெட்டு தெரியவில்லை என்றால், பழைய பிளேசர் ஒன்றை வாங்கித் தையலைப் பிரித்துத் துண்டுகளைக் காடாவின் மேல் வைத்து வரைந்துகொள்ளுங்கள். அதில் சில மாற்றங்கள் வேண்டும். 1790களின் கோட்டில் முதுகுத் துண்டு மிகவும் குறுகல். பக்கத் தையல் விலாவில் இறங்காது. கைக்குழியின் (உடம்போடு கை சேரும் துளை) பின்பக்கத்தில் தொடங்கி முதுகின்மேல் வளைந்து இடுப்புக்கு வரும். தோள் தையலும் உச்சியில் இருக்காது, சற்றுப் பின்னால் தள்ளி இருக்கும். முன்பக்கம் வயிற்றுக்கு அருகில் வளைந்து விலகி, பின்னால் இரண்டு வாலாக இறங்கும். காலர் நிமிர்ந்து நிற்கும். கை இரண்டு துண்டு, முழங்கையில் லேசான வளைவு. இந்த முதுகை மட்டும் சரியாகக் கொண்டுவந்தால், நடிகர் திரும்பி நிற்கும்போதே காலம் தெரிந்துவிடும்.

இப்போது சொல்லப்போவதை எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்: கைக்குழியை ஆழமாக வெட்டாதீர்கள். ஆழமாக வெட்டினால் கையைத் தாராளமாகத் தூக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது பக்கத்துணியும் சேர்ந்து இழுபடும். கோட்டு முழுவதும் மேலேறி, காலர் காதில் இடிக்கும். பரதநாட்டிய உடை தைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருப்பதால்தான் அவ்வளவு ஆட முடிகிறது. கோட்டுக்கு அக்குளுக்குக் கீழே ஒரு அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை. காடாவில் பார்க்கும்போது நடிகர் வாளை ஓங்கட்டும், குனியட்டும், மண்டியிடட்டும். நிற்கவைத்து மட்டும் பார்த்த கோட்டு மேடையில் கிழியும்.

58 அங்குல அகலத் துணி என்றால் வாலோடு சேர்த்து மூன்று மீட்டர், லைனிங்கும் அதே அளவு. வெட்டும் முன் துணியை நனைத்துக் காயவையுங்கள். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

சிவகாசி, இளைஞர் மன்றம்: சிவப்பு சாட்டின் வாங்கிவிட்டோம். அதில் தைக்கலாமா?

மேல்துணிக்கு வேண்டாம். அந்தக் காலத்துக் கோட்டு அடர்த்தியான கம்பளித் துணி, பளபளப்பே இல்லாதது. சாட்டின் மேடை விளக்கில் மின்னும், தையல் சுருங்கும், குண்டூசி குத்திய தடம் மறையாது. கபர்டின் அல்லது கனமான டெரிகாட்டன் சூட்டிங் துணி வாங்குங்கள். இருக்கும் சாட்டினை வாலின் உள்பக்க லைனிங்குக்கு வைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது வால் விலகினால் அந்த மினுக்கு அழகாகத்தான் இருக்கும்.

தென்காசி, பள்ளி ஆசிரியை: கம்பெனிச் சிப்பாய்களாகப் பன்னிரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் கோட்டு தைக்கப் பணம் இல்லை.

டீச்சர், சிப்பாய்க்கு வால் வைத்த கோட்டே தேவையில்லை. மதராஸ் படையின் சிப்பாய்கள் குட்டையான சிவப்பு ஜாக்கெட், வெள்ளை அரைக்கால் உடை, தலைப்பாகைதான் அணிந்தார்கள். இடுப்பு வரை ஜாக்கெட், சட்டை மாதிரி ஒற்றைத் துண்டுக் கை, மார்பின் குறுக்கே வெள்ளை நாடாவை X வடிவில் தைத்தால் முடிந்தது. லைனிங் வேண்டாம், காலரிலும் கைமடிப்பிலும் மட்டும் வேறு நிறம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முகத்தில் வெள்ளைப் பவுடர் பூசாதீர்கள். கம்பெனிப் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுக்காரர்கள். சிவப்பு உடுப்புக்குள் நம் முகம் இருந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொண்டு நடிக்கட்டும்.

திருநெல்வேலி: விக் எங்கே கிடைக்கும்?

ஒப்பனைக்காரரைக் கேளுங்கள். ஆனால் விக் கட்டாயம் இல்லை. 1795-இல் இங்கிலாந்தில் தலைப்பவுடருக்கே வரி போட்டார்கள்; பலர் சொந்த முடியோடு திரிய ஆரம்பித்த காலம் அது.

விளாத்திகுளம், நாடக இயக்குநர்: ஜாக்சன் துரைக்குச் சிவப்புக் கோட்டு, இரண்டு தோளிலும் தங்கக் குஞ்சம் வேண்டும். எந்தச் சிவப்பு எடுக்கலாம்?

சிவப்பே எடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஜாக்சன் கலெக்டர், படை அதிகாரி இல்லை. கம்பெனியின் சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு ரைட்டர், ஃபேக்டர், ஜூனியர் மெர்ச்சண்ட், சீனியர் மெர்ச்சண்ட் என்றுதான் பதவிப் பெயர்கள். வியாபாரக் கம்பெனியின் ஆட்கள் அவர்கள், சொந்தக் கோட்டைத்தான் போட்டார்கள். கருநீலம், பழுப்பு, கரும்பச்சை இதில் ஒன்று, பித்தளைப் பட்டன், வெள்ளை வெயிஸ்ட்கோட்டு, கழுத்தில் வெள்ளைத் துணிக்கட்டு. 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கட்டபொம்மனோடு நடந்த சந்திப்பில் சிவப்புக் கோட்டுக்காரர் வேண்டுமென்றால் லெப்டினன்ட் கிளார்க் இருக்கிறாரே. அங்கே நடந்த கைகலப்பில் இறந்தவர் அவர். சிவப்பை அவருக்குக் கொடுங்கள்.

மதுரை, மூத்த நடிகர்: முப்பது வருஷமாக ஜாக்சன் வேஷம் போடுகிறேன் அம்மா. சிவப்புக் கோட்டைப் பார்த்ததுமே சனம் கொதிக்கும். நீலக் கோட்டில் போனால் ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி இருக்கும்.

அண்ணாச்சி, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் மரியாதையோடுதான் சொல்கிறேன். ஜாக்சனின் அதிகாரம் துப்பாக்கியில் இல்லை, காகிதத்தில் இருந்தது. வரிபாக்கி என்று கடிதம் போடுகிறான், குற்றாலத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஊர் ஊராக அலைய விடுகிறான், கடைசியில் ராமநாதபுரத்தில் நிற்கவைத்துப் பேசுகிறான். அதைச் செய்கிறவன் ஒரு கணக்குப்பிள்ளை உடுப்பில் இருந்தால்தான் அவமானம் இன்னும் சுடும். சனம் கொதிப்பது உங்கள் குரலுக்கும் அந்தக் காட்சிக்கும்தான்.

நாடகம் முழுவதையும் யோசியுங்கள். முதல் காட்சியிலேயே சிவப்பைக் காட்டிவிட்டால், 1799 செப்டம்பரில் மேஜர் பேனர்மேன் படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வரும்போது காட்ட உங்களிடம் புதிதாக நிறம் இல்லை. ஜாக்சன் நீலத்தில் வரட்டும். அவன் பின்னால் கிளார்க் ஒருவர் மட்டும் சிவப்பில் நிற்கட்டும். பேனர்மேன் நுழையும்போது மேடை முழுவதும் சிவக்கட்டும்.

எட்டயபுரம், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்: அம்மா சொல்வது சரி. ராமநாதபுரம் சம்பவத்துக்குப் பிறகு ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது கம்பெனிதான். அடுத்து வந்த லூஷிங்டனும் சிவில் ஆள்தான். ஆனால் இந்த வெயிலில் வெள்ளைக்காரர்கள் வெள்ளைப் பருத்தி ஜாக்கெட் போடவில்லையா?

போட்டார்கள் சார், வீட்டிலும் ஓய்விலும். ஒரு பாளையக்காரரை விசாரணைக்கு வரவழைத்த இடத்தில் முழுக் கோட்டுதான் பொருந்தும். லூஷிங்டனுக்குப் பழுப்பு கொடுங்கள், ஜாக்சனிலிருந்து பிரிந்து தெரிவார். ஜாக்சனைத் தனியறையில் கடிதம் எழுதவைக்கும் காட்சி இருந்தால் அங்கே வெள்ளை ஜாக்கெட் போடலாம், நல்ல யோசனை.

தூத்துக்குடி: பேனர்மேனுக்குத் தோள் குஞ்சம் ஒன்றா இரண்டா? எப்படிச் செய்வது?

மேஜர் என்பதால் இரண்டு. மேஜருக்குக் கீழே உள்ள சாதாரணப் படை அதிகாரிக்கு வலது தோளில் மட்டும் ஒன்று. கேன்வாஸ் துணியை இரண்டு அடுக்காக வைத்து, நாக்கு வடிவில் வெட்டி, மேலே தங்க நிற நாடாவை நெருக்கித் தையுங்கள். நுனியில் திரைச்சீலைக்கு விற்கும் குஞ்ச லேஸை இரண்டு சுற்று வையுங்கள். அட்டை வேண்டாம், வியர்வையில் ஊறி மடங்கிவிடும். தோளோடு சேர்த்துத் தைக்காமல் கழுத்துப் பக்கம் ஒரு பட்டன், தோள் நுனியில் ஒரு நூல் வளையம் வைத்தால், கோட்டைத் துவைக்கும்போது கழற்றிவிடலாம். இடுப்பில் கருஞ்சிவப்புக் கச்சை கட்ட மறக்காதீர்கள்.

ராஜபாளையம்: சாட்டின் துணியில் தைத்தால் எப்படி இருக்கும்?

மேலே சிவகாசிக்குச் சொன்ன பதில்தான்.

சிங்கப்பூர், தமிழ் நாடகக் குழு: எங்கள் அரங்கம் குளிரூட்டப்பட்டது. ஒரே நடிகர் இரண்டு வேஷம், உடை மாற்ற ஒரு நிமிடம்தான். ஜிப் வைக்கலாமா?

முன்னால் தெரியும்படி வேண்டாம், அந்தக் காலத்தில் ஜிப் கிடையாது. வெயிஸ்ட்கோட்டைத் தனியாகத் தைக்காமல், அதன் முன்பக்கத் துண்டுகளை மட்டும் கோட்டின் உள்ளே லைனிங்கோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். ஒரே கோட்டைப் போட்டால் இரண்டும் ஏறிவிடும். நடுவில் மூட பேண்டுக்கு வைக்கும் பெரிய தட்டைக் கொக்கி நான்கு. மேலே தெரியும் பட்டன்கள் வெறும் அலங்காரம், காஜா எடுக்க வேண்டாம். வெல்க்ரோ வேகமானதுதான், ஆனால் பிரிக்கும் சத்தம் கடைசி வரிசை வரை கேட்கும். லைனிங் மட்டும் குளிர் அரங்கமானாலும் பருத்தியில் போடுங்கள். விளக்குக்கு அடியில் நடிப்பவருக்கு வியர்க்கத்தான் செய்யும்.

அருப்புக்கோட்டை: அக்கா, கோட்டைத் தைத்து முடித்துவிட்டோம். கையைத் தூக்கினால் கோட்டே மேலே போகிறது. நாளை மறுநாள் நாடகம்.

கைக்குழி. காடாவில் பார்க்கவில்லை, இல்லையா? சரி, காப்பாற்றலாம். பழைய ஜிப்பாவில் அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்திருப்பார்களே, அதுதான் வழி. அக்குளில் கைத் தையலும் பக்கத் தையலும் சந்திக்கும் இடத்தில் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் பிரியுங்கள். அதே சிவப்புத் துணியில் மூன்றரை அங்குலச் சதுரம் வெட்டி, அரை அங்குலம் உள்ளே விட்டு வைரம் மாதிரி திருப்பி வைத்துத் தையுங்கள். துணியை மூலைவாட்டில் சாய்வாக வெட்டினால் இன்னும் இழுத்துக் கொடுக்கும். மூலைகளில் கையால் இரண்டு மூன்று முறை கெட்டித் தையல் போடுங்கள், அங்கேதான் முதலில் பிரியும். கை கீழே இருக்கும்போது இந்தத் துண்டு வெளியே தெரியாது.

விளாத்திகுளம், அதே இயக்குநர்: எங்கள் குழுவில் ஜாக்சன் விஷயத்தில் இரண்டு கட்சியாகிவிட்டது. இளைஞர்கள் நீலம் என்கிறார்கள், பெரியவர்கள் சிவப்பு. என்ன செய்ய?

ஒத்திகையில் இரண்டு நிறத்துணியையும் நடிகரின் தோளில் போட்டு அதே வசனத்தைப் பேசவைத்து, பெரியவர்களை கடைசி வரிசையில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு இயக்குநருடையது. சிவப்பு என்றே முடிவானாலும் தோள் குஞ்சமும் கச்சையும் வாளும் ஜாக்சனுக்கு வேண்டாம், அவை படை அதிகாரியின் அடையாளங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதுரை, மூத்த நடிகர்: கருநீலம், பித்தளைப் பட்டன் என்றால் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறேன் அம்மா. ஆனால் சனம் கொதிக்காவிட்டால் திரும்பச் சிவப்புதான்.

நல்லது அண்ணாச்சி. நீலத்தை ரொம்பக் கருப்பாக எடுத்துவிடாதீர்கள், பின்திரை கருப்பாக இருந்தால் தலை மட்டும்தான் தெரியும். அப்புறம், கைக்குழி உயரமாக வைக்கச் சொல்லுங்கள். கையை நீட்டிப் பேசும் வேஷம் அது.

கோயம்புத்தூர்: எங்கள் சிவப்புக் கோட்டு மேடையில் கருப்பாகத் தெரிந்தது. துணி சரியில்லையா?

துணியில் குறை இல்லை, விளக்கு. பச்சை அல்லது நீல எல்இடி மட்டும் விழுந்தால் சிவப்புத் துணி திருப்பி அனுப்ப ஒளியே இல்லை, கருப்பாகத்தான் தெரியும். இரவுக் காட்சியில் நீலத்தோடு கொஞ்சம் வெள்ளையோ அம்பரோ கலக்கச் சொல்லுங்கள். துணி வாங்கும் முன் ஒரு சின்னத் துண்டை உங்கள் விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கல் வராது.

விருதுநகர்: தைக்காமல் வாங்க முடியுமா?

மதுரை புதுமண்டபத்தில் இருந்த தையற்காரர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷ உடை தைத்துப் பழகிய கைகள். படத்தைக் காட்டிப் பேசுங்கள். குறுகிய முதுகு, உயரமான கைக்குழி என்று இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடலூர்: சாட்டின்?

வேண்டாம்.

கோவில்பட்டி, முதலில் கேட்ட மாணவர்: அக்கா, அடுத்த வருஷம் வேறு ஆள் பேனர்மேன். அதே கோட்டைப் பெரிதாக்க முடியுமா?

இப்போதே யோசித்தது நல்லது. முதுகின் நடுத் தையலிலும் பக்கத் தையல்களிலும் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தையுங்கள். லைனிங்கிலும் அதே அளவு விட வேண்டும், பலர் இதை மறந்துவிட்டுக் கடைசியில் லைனிங்கைப் புதிதாகப் போடுகிறார்கள். கையின் நீளத்துக்கு, கைமடிப்பின் உள்ளே இரண்டு அங்குலம் மடித்து வையுங்கள். கைக்குழியில் மட்டும் துணி விட்டுவைத்துப் பயனில்லை, அங்கே துணி சேர்ந்தால் அக்குளை அறுக்கும். நாடகம் முடிந்ததும் கோட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காயவைத்து, அகலமான தோள் உள்ள ஹேங்கரில் மாட்டுங்கள். மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டால் காலர் எழாது.