ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது. ஃப்ளெபாடமி டெக்னீஷியன் (டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுப்பவர்) பயிற்சியில் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். எங்கள் செட்டில் முதல் நாளே பொத்தென்று விழுந்தவன் இப்போது ஒரு ரத்த வங்கியில் வேலை பார்க்கிறான். காலையில் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கண் இருட்டிக்கொண்டு வந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வியைப் பார்த்தால் பிளஸ் டூ முடித்தவர், நர்சிங்குக்கு வீட்டில் விடவில்லை என்று தோன்றுகிறது. தப்பென்றால் மன்னிக்கவும், என் கதை அதுதான். நான் திருநெல்வேலியில் இரண்டு வருட டிஎம்எல்டி, அதாவது மெடிக்கல் லேப் டெக்னாலஜி டிப்ளமோ படித்தேன். ரத்தம் எடுக்க மட்டும் கற்றுத்தரும் சில மாதப் பயிற்சிகளும் இருக்கின்றன. ஆனால் சின்ன லேபில் ரத்தம் எடுப்பவரேதான் டெஸ்ட்டும் ஓட்ட வேண்டும், அதனால் டிஎம்எல்டி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

குத்துவதை ரப்பர் கையில் பழக்குவார்கள். ரப்பர் கை 'ஆ' என்று கத்தாது, அதுதான் பிரச்சினை. அப்புறம் நாங்கள் ஒருவர் கையை ஒருவர் குத்திப் பழகினோம். புத்தகம் சிரை என்னும், வருகிறவர்கள் நரம்பு என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அதைக் கண்ணால் தேடாதீர்கள். பச்சையாகத் தெரிவது பல சமயம் ஊசி பட்டதும் நழுவிவிடும். முழங்கை மடிப்பில் விரலை வைத்து அமுக்கினால் ஸ்பாஞ்ச் மாதிரி எழும்பி வருவதுதான் நமக்கு வேண்டியது. துடித்தால் அது தமனி, விட்டுவிடுங்கள். கையில் கட்டும் பட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும்.

இதெல்லாம் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். என்னைக் கவிழ்த்தது ஊசி இல்லை, ட்யூப்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெரியவருக்கு இரண்டு ட்யூப் எடுத்தேன். பர்ப்பிள் மூடி நிறைந்துவிட்டது, சிவப்பு மூடியில் ரத்தம் போதவில்லை. திரும்பக் குத்தினால் திட்டுவாரோ என்று பயந்து, அவர் போன பிறகு பர்ப்பிளிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றிவிட்டேன். ரத்தம் ரத்தம்தானே என்று நினைப்பு.

ரிசல்ட் வந்தது. பொட்டாசியம் 8-க்கு மேலே, கால்சியம் 5-க்குக் கீழே. இன்சார்ஜ் சார் என்னைக் கூப்பிட்டார்.

"இவரு எப்படிம்மா வந்தாரு?"

"நடந்துதான் சார். மாடிப்படி ஏறி வந்தாரு."

"இந்தப் பொட்டாசியத்துக்கு அவரு ஐசியூவில்லா கெடக்கணும். எவ்வளவு ஊத்துன?"

ஊற்றினாயா என்றுகூடக் கேட்கவில்லை. பர்ப்பிள் ட்யூபில் இருப்பது இடிடிஏ என்ற ரசாயனத்தின் பொட்டாசிய உப்பு. ரத்தம் உறையாமல் இருக்க அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒன்று ஏறி மற்றது இறங்கியதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பர்ப்பிளுக்கு முன்னால் சிவப்பை எடு என்று வகுப்பில் வரிசையை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெரியவரைப் போனில் திரும்ப வரவழைத்தோம். மறு கையை நீட்டிக்கொண்டே, "மொதல்ல எடுத்த ரத்தம் என்னம்மா ஆச்சு?" என்றார். உறைந்துவிட்டது என்று பொய் சொன்னேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

இதைப் படித்துவிட்டு, "இதுகூடத் தெரியாதவளா எனக்கு ரத்தம் எடுக்கிறாள்?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். எட்டு வருஷத்துக்கு முந்தைய கதை இது. இப்போது ட்யூபில் பெயர் எழுதுவதைக்கூட அவரவர் எதிரில், அவரவர் வாயால் பெயர் கேட்டுத்தான் செய்கிறேன். இரண்டு தரம் குத்தியும் கிடைக்காவிட்டால் மூன்றாவதாக நான் குத்துவதில்லை, வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்.

இப்போது சென்னையில் வீடு வீடாகப் போய் எடுக்கிறேன். ஃபாஸ்டிங் சுகருக்கு ஆறு மணிக்கு வரச் சொல்கிறார்கள், போகிறேன். "காபி மட்டுந்தான் குடிச்சேன்" என்பார்கள், அதையும் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் சில அபார்ட்மெண்டுகளில் வாட்ச்மேன் சர்வீஸ் லிஃப்டில் போகச் சொல்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அசோசியேஷன் போட்ட சட்டம். குப்பை வண்டியோடு நின்றுகொண்டு ஏழாவது மாடிக்குப் போய், அந்தக் கையாலேயே அவர்கள் கையைத் தொடுகிறேன். கதவைத் திறந்ததும் "கையை சானிடைஸ் பண்ணீங்களா?" என்ற கேள்வி வேறு. கேட்பது நியாயம்தான். இருந்தாலும் சுருக்கென்கிறது. சரி, நீங்கள் கேட்டது இது இல்லை.

ஒன்று விட்டுவிட்டேன். ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கு உங்களுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கு மூன்று டோஸ். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. இன்ஸ்டிட்யூட் போடும் என்று காத்திருக்காதீர்கள். எங்களுக்குப் போடவில்லை. போடாவிட்டால் முதல் ஊசியை அட்மிஷனுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.