‘ரோனா’ கப்பலில் போன தாத்தாவின் அண்ணன்: தடம் தேடுவது எப்படி?

கேள்வி: எங்கள் தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்துக்காரர். சிங்கப்பூர் போய்வந்த ‘ரோனா’ கப்பலில் வேலை பார்த்தார், இரண்டாம் உலகப் போரில் கப்பலோடு போய்விட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். இந்தியக் கடற்படைப் பட்டியலில் தேடினோம், பெயர் இல்லை. அந்தக் கப்பல் போரில் என்ன செய்தது? அவர் பெயரை எங்கே தேடுவது?

பதில்: கடற்படைப் பட்டியலில் கிடைக்காததில் வியப்பில்லை. ரோனா படைவீரர்களை ஏற்றிச் சென்றது. ஆனால் அது கடற்படைக் கப்பல் ஆகவே இல்லை. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் பயணிகள் கப்பலை 1940-இல் அரசு படைப் போக்குவரத்துக்கு எடுத்துக்கொண்டது. பெயருக்கு முன்னால் எச்.எம்.டி. (அரசின் படைப் போக்குவரத்துக் கப்பல் என்பதன் சுருக்கம்) என்று சேர்ந்ததே தவிர, கேப்டனும் மாலுமிகளும் கம்பெனி ஆட்களாகவே இருந்தார்கள். ஆகவே உங்கள் தேடல் வணிகக் கப்பல் ஆவணங்களில்தான் தொடங்க வேண்டும்.

ரோனா 1926-இல் இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில், ஹாதார்ன் லெஸ்லி தளத்தில் கட்டப்பட்டது. 8,602 டன். அதே ஆண்டு கிளாஸ்கோவில் உருவான ‘ரஜூலா’ அதன் ஜோடிக் கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்துக்கென்றே கட்டிய கப்பல்கள் இவை; மேல்தளப் பயணிகள் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. அந்தக் கொள்ளளவுதான் போரில் இவற்றுக்குக் கிராக்கியை உண்டாக்கியது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ரஜூலா போரில் தப்பித்து, மறுபடி பழைய தடத்துக்கே வந்து 1970-கள் வரை ஓடியது. 1946-க்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு கடிதமோ பணமோ வந்ததாக வீட்டில் நினைவிருந்தால் அவர் இருந்தது ரஜூலாவாக இருக்கலாம். இரண்டு பெயரும் வாய்வழியாக எளிதில் மாறிவிடும்.

ரோனாவின் கடைசிப் பயணம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. 1943 நவம்பர் 25 அன்று அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகத்தில் ஏறத்தாழ 2,000 அமெரிக்கப் படையினரை ஏற்றிக்கொண்டு, கே.எம்.எஃப். 26 என்ற கப்பல் அணியில் சேர்ந்தது. படையினர் போகவேண்டிய இடம் இந்தியா. மறுநாள் 26-ஆம் தேதி மாலை, பெஜாயா துறைமுகத்துக்கு வடக்கே, ஜெர்மன் விமானம் ஏவிய ஹென்ஷெல் ஹெச்.எஸ். 293 என்ற ரேடியோவால் திருப்பப்படும் குண்டு இடப்பக்கத்தில் எஞ்சின் அறையைத் துளைத்தது. மின்சாரம் போயிற்று, பம்புகள் நின்றன, தீ பரவியது. இருந்த 22 உயிர்காப்புப் படகுகளில் 8 மட்டுமே தண்ணீரில் இறங்கின. சிலவற்றை வெடிப்பே நொறுக்கிவிட்டது. சிலவற்றில் இறக்கும் கருவி துருப்பிடித்து நகரவில்லை. இறங்கியவற்றிலும் அளவுக்கு மேல் ஆள் ஏறி, பல கவிழ்ந்தன. ஒன்றரை மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. அலை பெரிதாக இருந்தது, இருட்டும் வந்துவிட்டது. ‘பயனீர்’ என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் மட்டும் 606 பேரைத் தூக்கியது.

இறந்தோர் 1,138, அதில் அமெரிக்கப் படையினர் 1,015 என்பது பொதுவாகத் தரப்படும் கணக்கு. 1,149 என்றும் காண்பீர்கள். மாலுமிகள் 195 பேரில் பாதிக்கு மேல் போய்விட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்தியர்கள். அமெரிக்கக் குடும்பங்களின் முயற்சியால் அந்தப் படையினருக்கு அலபாமாவில் 1996-இல் நினைவுச்சின்னம் எழுந்தது. நம் பக்கத்து மாலுமிகளைத் தேடியவர்கள் குறைவு. அதனாலேயே உங்கள் கேள்வி முக்கியமானது.

1943, 1944 செய்தித்தாள்களைப் புரட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். குண்டின் ரகசியம் காக்க, கப்பலின் பெயரை அப்போது வெளியிடவில்லை.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடல். பெயரைத் தட்டாதீர்கள், இறந்த தேதி 1943 நவம்பர் 26, பணி இந்திய வணிகக் கப்பற்படை (Indian Merchant Navy) என்று மட்டும் கொடுங்கள். வரும் பட்டியலில் கப்பல் பெயரைப் பார்த்து ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். கடலில் மறைந்த இந்திய மாலுமிகள் ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் ‘பம்பாய், சிட்டகாங் 1939–1945 போர் நினைவிடம்’ என்ற தலைப்பின் கீழ் வரும். இது கல்லில் செதுக்கிய சுவர் அல்ல; பைண்டு செய்த ஏடு. ஒரு பிரதி மும்பையின் மாலுமிகள் இல்லத்திலும், இன்னொன்று சிட்டகாங் போர்க் கல்லறையிலும் இருக்கிறது. லண்டன் டவர் ஹில்லில் உள்ள வணிக மாலுமிகள் நினைவிடத்தில் தேடி ஏமாறாதீர்கள். அங்கே இருப்பவர்கள் பிரிட்டிஷ் மாலுமிகள்.

அடுத்தது பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம். பி.டி. (BT) 389 என்ற வரிசையில் கப்பல் நடமாட்ட அட்டைகள் உள்ளன: எந்தத் துறைமுகம், எந்தத் தேதி என்று வரி வரியாக இருக்கும். 1940 முதல் 1943 வரை ரோனா எங்கெல்லாம் போனது என்பதற்கு இதுவே அடிப்படை. அணியின் பட்டியலோடு ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. கே.எம்.எஃப். 26 பிரிட்டனிலிருந்து புறப்பட்டது, ரோனா நடுவழியில் ஓரானில் சேர்ந்தது. புறப்பாட்டுப் பட்டியலில் மட்டும் தேடினால் ரோனா கண்ணில் படாது.

ஆள் விவரத்துக்கு பி.டி. 381 வரிசை: மாலுமி ஒப்பந்தங்களும் கப்பல் பதிவேடுகளும். இவை கப்பல் பெயர்ப்படி அடுக்கப்படவில்லை, பதிவு எண்படி அடுக்கப்பட்டவை. எனவே கப்பல்களின் விவரங்களைத் தொகுத்துத் தரும் லாய்ட்ஸ் பதிவேட்டின் அந்தக் கால இதழில் ரோனாவின் பதிவு எண்ணை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்கால இதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பிறகு காப்பகத்துக்கு எழுதும்போது “இந்திய மாலுமிகள் ஒப்பந்தமும் வேண்டும்” என்று தெளிவாகக் கேளுங்கள். சாரங்கு, தண்டல், சுக்கானி, கலாசி, பண்டாரி ஆகிய வேலைகளில் இருந்த இந்திய மாலுமிகள் வெள்ளை அதிகாரிகளோடு ஒரே தாளில் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனி ஒப்பந்தம். கேட்காவிட்டால் அதிகாரிகள் பட்டியல் மட்டும் வந்து சேரும் ஆபத்து உண்டு.

அந்தத் தாளில் பெயரை நம்பித் தேடாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது. முகமது என்ற ஒரே பெயருக்கு ஒரே பக்கத்தில் மூன்று எழுத்துக்கூட்டு இருக்கலாம். தந்தை பெயர், ஊர், வேலை மூன்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். நாகப்பட்டினம் அன்று தஞ்சாவூர் மாவட்டம். ஊர்ப் பெயரும் ‘நெகபடாம்’ என்ற பழைய வடிவில் இருக்கும். வீட்டில் அவருடைய பணிச் சான்றிதழ் (‘நல்லி’ என்பார்கள்) எஞ்சியிருந்தால் அதிலுள்ள எண் மற்ற எல்லாவற்றையும்விட உறுதியான ஆதாரம். பழைய பெட்டியை ஒருமுறை கிளறிப் பாருங்கள்.

எங்கும் பெயர் இல்லையென்றால், அவர் கடைசிப் பயணத்துக்கு முன்பே இறங்கிவிட்டாரா, அல்லது கப்பலில் நோயால் இறந்தாரா என்று பாருங்கள். வணிகக் கப்பல் மாலுமியைப் பொறுத்தவரை, எதிரியின் தாக்குதல் போன்ற போர்க் காரணத்தால் இறந்தால்தான் ஆணையம் பெயரைச் சேர்க்கும். காய்ச்சலில் இறந்தால் சேர்க்காது. அவர் நவம்பர் 26 அன்று கப்பலில் இருந்ததற்கு ஒப்பந்தத் தாள் சான்று தந்து, பட்டியலில் மட்டும் பெயர் விடுபட்டிருந்தால், அந்த நகலோடு ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். விடுபட்ட பெயர்களை இன்றும் சேர்க்கிறார்கள்.