புரோகிராமரைத் தேர்ந்தெடுக்க நேர்காணல் போதுமா?

கேள்வி: களியக்காவிளை பக்கம் 9 பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். நேர்காணலில் அல்காரிதம் (ஒரு கணக்கைத் தீர்க்கும் படிமுறை) பற்றிய கேள்விகளுக்குப் படபடவென்று பதில் சொன்ன பையன், வேலையில் வேறொருவர் எழுதிய பழைய புரோகிராமைத் திறந்தாலே திணறுகிறான். நான் வேண்டாமென்று அனுப்பிய பெண் இப்போது திருவனந்தபுரத்தில் நல்ல பெயர் எடுத்திருக்கிறாள். நேர்காணலே வீண்தானா?

பதில்: வீண் இல்லை. ஆனால் நீங்கள் பார்த்தது வேலையை அல்ல, பரீட்சையை. உங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்ட ஆள் எடுப்பவர் என்ன செய்வார்? கத்தியைக் கொடுத்து ஒரு மரத்தைக் காட்டுவார். பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவுகிறார், தடியில் காயம் படுகிறதா என்று பார்ப்பார். அவ்வளவுதான்.

அந்தப் பெண் ஏன் தடுமாறியிருக்கலாம்? 2020-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலர் பலகையில் எழுதிக்கொண்டே எதிரில் இருப்பவருக்கு விளக்க வேண்டும்; மற்றவர்கள் தனி அறையில் எழுதலாம். ஆள் பார்க்க எழுதியவர்களின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. திறமையை அளக்கப் போய்ப் பதற்றத்தை அளந்துவிடுகிறோம்.

அதனால் அடுத்த முறை ஆள் எடுக்கும்போது, உங்கள் மென்பொருளில் நீங்கள் ஏற்கெனவே சரிசெய்த பிழை ஒன்றை எடுங்கள். பில்லிங்கில் அதற்கா பஞ்சம்? ஒவ்வொரு பொருளுக்கும் ஜிஎஸ்டியைத் தனித்தனியே முழுமையாக்கி (ரவுண்ட் ஆஃப் செய்து) கூட்டினால் ஒரு தொகை, மொத்தத்துக்கு ஒரேயடியாகப் போட்டால் இன்னொரு தொகை. சில பைசா இடிக்கும். அந்தப் பிழை இருக்கும் 200 வரி புரோகிராமையும் ஒரு லேப்டாப்பையும் கொடுத்து, 90 நிமிடம் தனியாக விடுங்கள். இணையத்தில் தேடட்டும், நாமும் தேடித்தானே வேலை செய்கிறோம்! அப்புறம் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வரியை ஏன் மாற்றினாய், சரக்கு திரும்பி வந்தால் இது என்ன ஆகும் என்று கேளுங்கள். சாட்ஜிபிடியிலிருந்து அப்படியே ஒட்டியவர் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுவார்.

வருகிற எல்லோருக்கும் இதே வேலையைக் கொடுங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஆள் தேர்வு முறைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை 2022-இல் பால் சாக்கெட் என்ற உளவியல் ஆய்வாளரின் குழுவினர் மறுபடி கணக்கிட்டபோது, வேலைத்திறனை முன்கூட்டிக் காட்டுவதில் இப்படி ஒரே ஒழுங்கில் நடத்தும் நேர்காணல்தான் முதலிடத்தில் வந்தது. மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பது அதைவிடக் குறைவு.

ஒன்று முக்கியம், தமிழ்நாடு-கேரள பார்டர் ஊர் என்பதால் சொல்கிறேன். விளக்கத்தைத் தமிழிலோ மலையாளத்திலோ சொல்ல விடுங்கள். சரளமான ஆங்கிலத்தைக் கேட்டு நானே இருமுறை ஏமாந்திருக்கிறேன். அதேபோல, வீட்டில் செய்து வரச் சொல்லி மூன்று நாள் வேலையைத் தலையில் கட்டாதீர்கள்; அரை நாளுக்கு மேல் போனால் கூலி கொடுங்கள்.

சரி, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பையனை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். கல்லூரியில் புதிதாக எழுதத்தான் பழக்கியிருப்பார்கள், அடுத்தவர் எழுதியதைப் படிக்க அல்ல. ஒரு மாதம், தினமும் ஒரு பழைய பிழையைக் கொடுத்து, மாலையில் 15 நிமிடம் அவனோடு உட்கார்ந்து பாருங்கள்.