மதீரா தீவில் நடைப்பயண விடுமுறைக்குப் பழைய தோட்ட மாளிகை ஓட்டலில் தங்குவது காசுக்குத் தகுமா?

கேள்வியின் விளக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: பகல் முழுக்க மலையில் நடக்கப் போகிறோம், ராத்திரி தூங்க மட்டும்தான் அறை, அதற்கு எதற்குப் பழைய மாளிகையும் தோட்டமும்? 'பசுமை ஓட்டல்' என்று போட்டிருப்பதை நம்பலாமா? அறுபதைத் தாண்டிய பெற்றோரும் கூட வருகிறார்கள்.

தகும் என்பதுதான் என் பதில். ஆனால் எல்லா மாளிகைக்கும் அல்ல. வாசலில் இருந்தே நடைபாதைக்குப் போக முடிகிற இடமாக இருந்தால் எடுங்கள். புகைப்படத்தில் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். நாங்கள் இங்கிலாந்தில் இருந்து போனோம்: நான், மனைவி, முழங்கால் வலியோடு அம்மா. அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் மதீராவில் 'நடப்பது' என்றால் என்ன என்று தெரிய வேண்டும். அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்ச்சுகலின் தீவு இது. நீளம் 57 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் 1,862 மீட்டர் வரை எழும் மலை. வடபக்கம் மேகம் மோதி மழை கொட்டும். தென்பக்கம் வெயில், விவசாயம், ஊர்கள் எல்லாம். வடக்கே இருக்கும் தண்ணீரைத் தெற்கே கொண்டுவர 15-ம் நூற்றாண்டில் இருந்தே வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தார்கள். அப்போது கரும்புதான் பெரிய பயிர். வெட்டியவர்களில் அடிமைகளும் உண்டு. இந்த வாய்க்கால்களுக்கு லெவாடா என்று பெயர். இன்றைக்கு மொத்தமாக 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. செங்குத்தான பாறையை ஒட்டி, சில இடங்களில் மலையையே குடைந்துகொண்டு போகும்.

வாய்க்காலைப் பராமரிக்கும் ஆட்கள் நடக்க ஓரத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை விட்டிருக்கிறார்கள். நாம் நடப்பது அதில்தான். தண்ணீர் மெல்ல ஓடும் அளவுக்கே சரிவு இருப்பதால் பாதை கிட்டத்தட்ட சமதளம். மலைத் தீவில் மூச்சு வாங்காமல் மணிக்கணக்கில் நடக்க முடிவது இதனால்தான். உங்கள் அப்பா அம்மாவும் நடக்கலாம், தலைசுற்றல் இல்லையென்றால். பல இடங்களில் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் அதல பாதாளம், நடுவில் ஒரு கம்பி வேலி. அதுவும் எல்லா இடத்திலும் இருக்காது.

இனி மாளிகை. தலைநகர் ஃபுன்ஷாலைச் சுற்றியுள்ள சரிவுகளில் நிலக்கிழார்களும் ஒயின் வியாபாரிகளும் கட்டிய தோட்ட வீடுகளைக் கின்டா என்கிறார்கள். கனமான எரிமலைக்கல் சுவர், பச்சை மர ஜன்னல் கதவுகள், கருப்பு வெள்ளைக் கூழாங்கல் பதித்த நடை. 19-ம் நூற்றாண்டில் காசநோய்க்காரர்களை இங்கே காற்று மாற அனுப்புவார்கள். அவர்களுக்கு இந்த வீடுகளை வாடகைக்கு விட்டார்கள். ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தும் 1860-61 குளிர்காலத்தில் உடம்பு தேறுவதற்காக இப்படி ஒரு கின்டாவில்தான் தங்கினார். இன்றைக்கு அவற்றில் பல ஓட்டல்களாக இருக்கின்றன.

தூங்க மட்டும்தானே அறை என்ற உங்கள் கணக்கு எங்கே தப்புகிறது என்றால், நடைப்பயண விடுமுறையில் யாரும் பகல் முழுக்க நடப்பதில்லை. காலையில் சீக்கிரம் கிளம்பினால் மதியம் இரண்டு மூன்று மணிக்குத் திரும்பிவிடுவோம். காலைத் தூக்கிப் போட்டு உட்கார ஓர் இடம் வேண்டும். சாதாரண ஓட்டலில் அது நீச்சல் குளத்தைச் சுற்றிய நாற்காலி. கின்டாவில் ஒரு தோட்டம் முழுக்க. அப்புறம், எல்லோரும் எல்லா நாளும் நடக்கப் போவதில்லை. அம்மா எங்களோடு வந்தது சமதளமான லெவாடாக்களுக்கு மட்டும். மற்ற நாட்களில் தோட்டத்தில்தான் இருந்தார். எங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாரே என்ற சங்கடமே வரவில்லை. அவருக்கு அங்கே வேலை இருந்தது. வாழையும் செம்பருத்தியும் ஆந்தூரியமும் இருக்கும் தோட்டத்தில், நம்மூரில் வளராத ஹைட்ராஞ்சியாவும் கமீலியாவும் பக்கத்திலேயே நிற்பதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து, தோட்டக்காரரிடம் தமிழிலேயே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போர்ச்சுகீசியத்தில் பதில் சொன்னார். இருவருக்கும் குறையொன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

தோட்டத்தின் மேல்மூலையில் ஒரு கல் தொட்டி இருந்தது. லெவாடாவில் இருந்து முறை வரும்போது அதில் தண்ணீர் நிரப்பி, அங்கிருந்து செடிகளுக்கு விடுகிறார்கள். இன்ன நாள், இன்ன நேரம், இன்னாருக்கு என்று முறை வைத்து மடை திறந்துவிட லெவாடெய்ரோ என்று ஆள் இருக்கிறார். நம் ஏரிப்பாசன ஊர்களில் நீர்க்கட்டி என்ற ஆள் செய்யும் வேலையேதான். காலையில் எந்தத் தண்ணீரை ஒட்டி நடந்தோமோ, சாயங்காலம் அது ஓட்டல் தோட்டத்தில் பாய்வதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. கடற்கரை ஓட்டலில் தங்கியிருந்தால் லெவாடா எனக்கு வெறும் நடைபாதையாகத்தான் தெரிந்திருக்கும்.

இடம் தேர்வு செய்வதில்தான் கவனம் வேண்டும். கின்டாக்கள் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். வரைபடத்தில் ஊர் மையத்துக்கு மூன்று கிலோமீட்டர் என்று காட்டும். இறங்குவது சுலபம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறி வருவது வேறு கதை. டாக்ஸி செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஃபுன்ஷாலுக்கு மேலே சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் மோன்ட்டே பகுதியை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். கேபிள் காரில் போகலாம், தோட்டங்கள் அற்புதம். ஆனால் அடிக்கடி மேகத்துக்குள் இருக்கிற இடம். குளிர்காலத்தில் ஈரக் குளிர் எலும்பில் ஏறும். ஆஸ்திரியாவின் கடைசிப் பேரரசர் கார்ல் நாடு கடத்தப்பட்டு இங்கே ஒரு கின்டாவில்தான் இருந்தார். 1922 ஏப்ரல் 1 அன்று நிமோனியாவில் இறந்தார். பயமுறுத்தவில்லை, இப்போது ஹீட்டர் இருக்கிறது. ஆனால் நனைந்த ஷூ மறுநாள் காலைக்குள் காயுமா என்பது நடப்பவர்களுக்குப் பெரிய விஷயம். அறை பதிவு செய்யும்போதே ஷூ காயவைக்க இடம் உண்டா என்று கேளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை போவதானால் கொஞ்சம் தாழ்வான இடமே மேல்.

வாசலில் இருந்தே நடப்பதற்கு நான் சொல்வது லெவாடா தோஸ் தோர்னோஸ் போகும் பகுதி. மோன்ட்டேயில் இருந்து கமாச்சா ஊர்ப்பக்கம் வரை அதை ஒட்டி நடக்கலாம். வழியில் பல்யெய்ரோ தோட்டம் வரும். கார்வல்யால் பிரபுவின் வேட்டை மாளிகையாக இருந்தது அது. மதீரா ஒயின் வியாபாரம் செய்த பிளாண்டி குடும்பம் 1885-ல் எஸ்டேட்டை வாங்கியது. பழைய மாளிகை இப்போது ஓட்டல். அங்கே தங்காவிட்டாலும் தோட்டத்தை டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். கமீலியா பூப்பது குளிர்காலத்தில்.

சரி, 'பசுமை' விஷயம். க்ரீன் கீ போன்ற சான்றிதழ் இருந்தால் ஓரளவு நம்பலாம். க்ரீன் கீ 1994-ல் டென்மார்க்கில் தொடங்கியது. குளியலறை ஷவரில் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வரலாம் என்பது வரை அதில் விதி உண்டு. எங்கள் ஷவர் சோனியாகத்தான் வந்தது, மனைவி தலைக்குக் குளித்த நாட்களில் சான்றிதழை மனமாரத் திட்டினாள். சான்றிதழ் இல்லாத இடமென்றால் வெந்நீர் சூரிய சக்தியிலா, தோட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் நல்லது. 'துண்டைத் துவைக்க வேண்டாமென்றால் மாட்டி வையுங்கள்' என்ற அட்டையை மட்டும் காட்டினால் அது சலவைச் செலவு மிச்சம் பிடிக்கும் வேலை.

என் பார்வையில் இதைவிட முக்கியமான கேள்வி, தோட்டத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பது. மதீராவின் உண்மையான சொத்து, 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த லாரல் காடு. மூடுபனியை இலைகளில் பிடித்துச் சொட்டவிட்டு லெவாடாவுக்குத் தண்ணீர் தருவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் காட்டுக்கு ஆபத்தாக நிற்பவற்றில் தோட்ட அழகுக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்த செடிகளும் உண்டு. நம் இமயமலைப் பக்கத்து மஞ்சள் இஞ்சிப்பூச் செடி தோட்டத்தை விட்டுத் தப்பிக் காட்டில் பரவிக்கொண்டிருக்கிறது. அக்கேசியாவும் அப்படித்தான். சூரியத் தகடு வைத்துவிட்டு வேலியோரம் இஞ்சிப்பூ வளர்க்கிற இடத்தை எப்படிப் பசுமை என்பது? நாட்டு மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைத்துத் தோட்டத்தில் தனியிடம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்னொன்று, லண்டனில் இருந்தே நாலு மணி நேர விமானம். அந்தப் புகையை எந்த ஓட்டலும் ஈடுகட்டாது. 'பசுமை'க்காக மட்டும் கூடுதல் காசு கொடுப்பதென்றால் இதையும் யோசியுங்கள்.

சாப்பாடு: சைவமென்றால் சமாளிக்கலாம், கொண்டாட முடியாது. போலோ தோ காக்கோ என்ற சர்க்கரைவள்ளிக்கிழங்கு சேர்த்த ரொட்டியைப் பூண்டு வெண்ணெய் தடவிச் சுடச்சுடத் தருவார்கள், அதுதான் எங்கள் தினசரி. கீரை சூப்பில் ஒரு துண்டு பன்றி சாசேஜ் மிதக்கும், முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மீன் சாப்பிடுபவர்கள் வாழைப்பழத்தோடு வரும் எஸ்பாதா மீனை ஒருமுறை பாருங்கள். அம்மா தட்டைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

கடைசியாகப் பாதைகள். எண்ணிட்ட அரசு நடைபாதைகளுக்கு வெளியூர்க்காரர்கள் இப்போது கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். 2024 ஆகஸ்டில் மலையில் பெரிய காட்டுத்தீ வந்து பாதைகளை மூடினார்கள். மண்சரிவாலும் பாதைகளை மூடுவார்கள். எனவே கிளம்பும் முன்தினம் எது திறந்திருக்கிறது என்று ஓட்டல் வரவேற்பில் கேளுங்கள், நல்ல கின்டாவில் இதைக் கையில் வைத்திருப்பார்கள். கெய்மாதாஸில் இருந்து கால்தெய்ராவ் வெர்தே அருவிக்குப் போக வர சுமார் 13 கிலோமீட்டர். சுரங்கங்கள் இருப்பதால் டார்ச் கட்டாயம். பெற்றோருக்கு இந்தப் பாதை வேண்டாம். அவர்களுக்குத் தோஸ் தோர்னோஸ் போதும். ஃபுன்ஷால் விமான நிலையத்தில் காற்று பலமாக இருந்தால் விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவது சகஜம். அதனால் முதல் ராத்திரிக்கு மட்டும் பணம் திரும்பக் கிடைக்கிற கட்டணத்தில் அறை எடுங்கள். திரும்பும் மறுநாளே வேலைக்குப் போவதாகவும் திட்டம் போடாதீர்கள்.