இம்மெர்ஸ்: அமிழ்த்துவதா, மூழ்குவதா?
வணக்கம். ‘புத்தகத்தில் மூழ்கினேன்’ என்பதற்கு ‘ஐ இம்மெர்ஸ்ட் இன் த புக்’ என்று எழுதியதை ஆசிரியர் ஏன் அடித்தார் என்று கேட்டிருந்தீர்கள். நம் ‘மூழ்கு’ செயப்படுபொருள் குன்றிய வினை. இம்மெர்ஸோ, ‘உள்ளே அமிழ்த்து’ என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது, செயப்படுபொருளை வேண்டி நிற்பது. துணியைச் சாயத் தொட்டியில் ஓர் இழைகூட வெளியே தெரியாமல் அமிழ்த்தும்போது, அமிழ்த்துபவர் ஒருவர், அமிழ்வது துணி. மனம் ஒன்றிப்போவதைச் சொல்லும்போதும் இந்த அமைப்பு மாறாது என்பதால், ‘ஐ இம்மெர்ஸ்ட் மைசெல்ஃப் இன் த புக்’ என்றோ ‘ஐ வாஸ் இம்மெர்ஸ்ட் இன் த புக்’ என்றோதான் எழுத வேண்டும். முன்னது நீங்களே விரும்பி ஆழ்ந்ததையும், பின்னது ஆழ்ந்திருந்த நிலையையும் காட்டும். ‘கடனில் மூழ்கினான்’ என்பதற்கு மட்டும் தயவுசெய்து இச்சொல்லை எடுக்காதீர்கள். அங்கே மூச்சுத் திணறல் இருப்பதால் ‘டிரௌன்’ என்பதே பொருந்தும்.